பையில் இருக்கும் வரை

பெல்ட் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பதும் சந்தேகம்தான். முதுகு ஆபரேஷன் வார்டின் கதவருகே ஒரு நீலத் துணிப்பை தெரிந்தால், "பெல்ட் அக்கா வந்தாச்சு" என்று பெரிய சிஸ்டர் குரல் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் பைக்குப் பின்னால் ஒரு மனுஷி நிற்பது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

முதுகெலும்பில் கத்தி வைத்தவர்கள் எழுந்து உட்கார வேண்டுமென்றால் உடம்பைச் சுற்றி ஒரு கெட்டியான பெல்ட் போட வேண்டும். கால்சட்டைக்குப் போடுகிற பெல்ட் போல இருக்காது. மார்புக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை, முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை என்று ஆமை ஓடு மாதிரி இருக்கும். அளவு பிசகினால் தையலில் உரசும், அல்லது தொளதொளவென்று கிடந்து எதற்கும் உதவாது. அக்கா வார்டுக்குப் போய் நோயாளியை நாடாவால் அளப்பாள். கடைக்கு வந்து வார்களை வெட்டித் தைப்பாள். திரும்ப வார்டுக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து, இழுத்தும் தளர்த்தியும் சரிசெய்வாள். இவ்வளவையும் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாள். "மூச்சு விடுங்க." "பிடிக்குதா?"

படிப்பு பாதியில் நின்றபின் ஒரு தையல்கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் அவள். அவளுடைய அக்காள் கணவர் பெல்ட், கைத்தடி, வாக்கர், காற்று மெத்தை விற்கும் கடை ஒன்றைத் திறந்தபோது அவளை அழைத்துக்கொண்டார். அவள் அவரை அத்தான் என்பாள். அத்தான் கெட்ட மனிதர் இல்லை. காசு விஷயத்தில் மட்டும் பூனை பால் குடிக்கிற மாதிரி, சத்தமில்லாமல் கடைசிச் சொட்டு வரை நக்கிவிடுவார்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்வரை அவருக்குப் போட்டுவிடும் எந்தச் சாமானும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. ஆபரேஷனுக்காக முதலிலேயே கட்டிய மொத்தப் பணத்தில் அது அடங்கிவிடும். கடைக்குக் காசு தர வேண்டியது ஆஸ்பத்திரி. வீட்டுக்குப் போனபின் பயன்படுத்தும் சாமான் என்றால்தான் நோயாளி வீட்டார் கடைக்குத் தர வேண்டும். அளவு பார்ப்பதற்காக அதைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வார்டுக்குள் கொண்டுவரலாம். அந்த அளவுக்குத்தான் சலுகை.

நோயாளி வீட்டார் உடனே தந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி தராது. தருவேன் என்றுதான் சொல்லும், ஆனால் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தாள் நகர்வதற்குள் கடை வாடகை இரண்டு முறை வந்து போய்விடும். அதனால் அத்தான் எல்லாச் சாமானையும் வீட்டுச் சாமான் என்றே வார்டுக்குள் அனுப்புவார்.

"பையில இருக்கிற வரைக்கும் அது வீட்டுச் சாமான். இடுப்புல ஏறிட்டா ஆஸ்பத்திரிச் சாமான். ஆஸ்பத்திரிக்கிட்ட காசு வாங்குறது கல்லுல நார் உரிக்கிற வேலை. புரியுதா?" என்பார்.

"ம்" என்பாள் அக்கா.

ஆக, வார்டில் பெல்ட்டை ஒரு தடவை மாட்டி, அளவு பார்த்து, உடனே கழற்றி நீலப்பையில் போட்டு, பை வாயைச் சுற்றி நாடாவால் முடிச்சுப் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வர வேண்டும். கிளம்புகிற அன்று வந்து அவிழ்த்து மாட்டிவிட வேண்டும். அவளுடைய முடிச்சில் ஒரே ஒரு கண்ணி, வலது பக்கமாக விழும். தையல்கடையில் துணிமூட்டை கட்டிப் பழகிய கை.

ஒருநாள் அந்த வார்டுக்கு ஒரு பெயின்டர் வந்து சேர்ந்தார். ஏணியிலிருந்து விழுந்தவர். ஆபரேஷன் முடிந்து, அளவெடுக்க அக்கா போனபோது மல்லாந்து கிடந்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"சுவத்துல அடிச்ச பெயின்ட் காயறதுக்குள்ள நான் கீழ வந்துட்டேன் அக்கா. அவசரம் யாருக்குன்னு பாருங்க."

"மூச்சு விடுங்க."

"விட்டுட்டுதான் இருக்கேன். நிறுத்தினா இவ பாவம் இல்லையா?" என்று கண்ணாலேயே மனைவியைக் காட்டினார்.

பெயின்டரின் மனைவி ஒல்லியாக, எப்போதும் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பவள். "வாயில எலும்பு உடையலைன்னு காட்டிக்கிறாரு அக்கா. நீங்க அளங்க" என்றாள்.

இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா பெல்ட்டைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. கழற்றினாள், பையில் போட்டாள், முடிச்சுப் போட்டாள், கட்டிலுக்கடியில் தள்ளினாள். அன்று சாயங்காலம் பெயின்டருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

காய்ச்சல் விடுகிறவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார் டாக்டர். அதே மூச்சில், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், பெல்ட் போட்டு உட்கார வையுங்கள், மெதுவாக நடக்க வையுங்கள் என்றும் எழுதிவிட்டுப் போனார்.

பெரிய சிஸ்டர் மறுநாள் காலை அக்காவைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பையை அவிழ்த்துக் குடுங்களேன். டாக்டர் எழுதிட்டாரு."

"அத்தான்கிட்ட கேக்கணும் சிஸ்டர்."

அத்தான் போனில் ஒரே பிடியாகச் சொன்னார். ஆஸ்பத்திரி, 'எங்களுக்கு வேண்டும், நாங்கள் காசு தருகிறோம்' என்று எழுதிக் கொடுத்தால் அவிழ்க்கலாம். பெரிய சிஸ்டர் பில் பிரிவைக் கேட்டார். பில் பிரிவு, சாமான் அறையைக் கேட்கச் சொன்னது. சாமான் அறையில், எங்கள் கையிருப்பில் இல்லாத பொருளுக்கு நாங்கள் எப்படி எழுதித் தருவது என்றார்கள். இருந்த ஒரு பொதுப் பெல்ட்டோ பெயின்டரின் இடுப்பை முக்கால்வாசிதான் சுற்றியது. ஊர் கூடித் தேர் இழுத்தால் நகரும். இங்கே ஊரே கூடி, ஆளுக்கொரு பக்கம் கை காட்டியது.

பெயின்டர் மல்லாந்தே கிடந்தார். அவருக்கு நேர் கீழே, ஒரு சாண் தூரத்தில், அவர் உடம்புக்கென்றே தைத்த பெல்ட் முடிச்சுப் போட்ட பைக்குள் கிடந்தது.

"மேல பாத்து பாத்து ஒண்ணு கண்டுபிடிச்சேன் அக்கா. இந்தச் சீலிங் அடிச்சவன் ரெண்டாவது கோட்டு அடிக்காமயே காசு வாங்கியிருக்கான்" என்றார் பெயின்டர். சொல்லி முடித்ததும் இருமினார். இருமும்போது முகம் சுருங்கியது.

அக்கா குனிந்து முடிச்சைப் பார்த்தாள். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வா என்பது அத்தானின் உத்தரவு. வலது பக்கம் விழுந்த கண்ணி அப்படியே இருந்தது. எழுந்து போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் குனிந்தபோது கண்ணி இடது பக்கம் விழுந்திருந்தது.

ஒரு கணம் நாடாவை விரலால் தொட்டபடியே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். பெயின்டரின் மனைவி கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி அவளுடைய இடது கையில் இருந்தது. ஊட்டுவது வாய்க்குப் போகிறதா என்றுகூடப் பார்க்காமல், அவள் கண் அக்காவின் முகத்தின் மேலேயே நின்றது. கட்டிலோரம் கிடந்த பெயின்டரின் செருப்பு முந்தைய நாள் சுவரைப் பார்த்து இருந்தது, இன்று கதவைப் பார்த்து இருந்தது. இருமல் குறைந்திருந்தது.

"எல்லாம் சரியா இருக்கா அக்கா?" என்றாள் மனைவி.

"இருக்கு" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளும் அவளுடைய மாமியாரும் மட்டும் இருக்கும் வீடு அது. கப்பல் வேலைக்கென்று போன கணவர், பிறகு தகவலும் இல்லை, ஆளும் இல்லை. மாமியார் மட்டும் மிச்சம். கடையில் ஒதுக்கிப்போட்ட சாமானெல்லாம் அந்த வீட்டில்தான் குடியிருந்தது. கால் கோணலான வாக்கரில் துணி காய்ந்தது. ஆடுகிற மேசைக் காலுக்குக் கழுத்துப் பட்டை சுற்றியிருந்தது. மாமியார் இரண்டு முழங்காலிலும் இரண்டு வேறு நிற உறை போட்டிருந்தார்.

"நீ பேசாம இருக்கிறது எனக்குப் பழகிப்போச்சு. பேசாம, சாப்பிடாமலும் இருந்தா என்ன அர்த்தம்?" என்றார் மாமியார்.

அக்கா சொன்னாள். முடிச்சு, கண்ணி, இடது கை, செருப்பு. சொல்லி முடித்ததும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவிழ்த்தவ பொழைக்கத் தெரிஞ்சவ. கட்டினவ நீ. உன் அத்தானுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது அத்தை."

"தெரியாத வரைக்கும் நல்லது. அங்க வேலை போச்சுன்னா நாம ரெண்டு பேரும் அந்தக் கழுத்துப் பட்டையைத்தான் வறுத்துத் தின்னணும்."

"அதுக்காக அந்த ஆளு படுத்தே கெடக்கணுமா?"

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மருமகள் ஒரு கேள்வி கேட்டு அவர் பார்த்ததில்லை. "நான் எங்கடி படுக்கச் சொன்னேன்? சாப்பிடு" என்றார்.

மறுநாள் அக்கா வார்டுக்குப் போய்ப் பையை வெளியே இழுத்தாள். நாடாவை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். வழக்கம்போலக் கண்ணி வலது பக்கம்தான். இறுக்கம் மட்டும் இல்லை. சுண்டு விரல் பட்டால் அவிழ்ந்துவிடும் கட்டு. பெயின்டரின் மனைவி துடைத்துக்கொண்டிருந்த டம்ளரைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த நாள்களிலெல்லாம் அக்கா வலது பக்கம் கட்டிவைப்பதும், மறுநாள் அது இடது பக்கமாக இருப்பதும் நடந்தது. வார்டில் கூட்டம் குறையும் மத்தியான வேளையில் பெயின்டர் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை போய் வருகிறார் என்பதைப் பெரிய சிஸ்டரும் பார்த்திருக்க வேண்டும். பெரிய சிஸ்டர் அந்த நேரத்தில் மருந்து அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு எதையோ தேடுவார்.

காய்ச்சல் விட்டது. நாளை கிளம்பலாம் என்றார்கள். மறுநாள் அத்தான் பில்லைக் கையோடு கொண்டுவந்து, வார்டிலேயே காசை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று அக்காவுடன் வந்தார்.

அக்கா பையை அவிழ்த்துப் பெல்ட்டை வெளியே எடுத்தாள். முன்பலகையின் கொக்கி இரண்டாகப் பிளந்திருந்தது.

அந்தக் கொக்கியை வலமிருந்து இழுத்து மாட்ட வேண்டும். இடது கைக்காரி இடமிருந்து இழுத்திருக்கிறாள். எத்தனை நாள் தாங்கும்? விரிசலைப் பார்த்ததுமே அக்காவுக்கு விளங்கிவிட்டது. பெயின்டரின் மனைவி துடைப்பதை நிறுத்தினாள்.

"என்ன இது?" என்றார் அத்தான். "கட்டின பையில இருந்த சாமான் எப்படி உடையும்?"

அவரே அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான குடுத்தோம்? போட்டுப் பாத்தப்ப நல்லா இருந்துச்சு. அப்ப யாரோ பையைத் திறந்து நோண்டியிருக்காங்க. சரி. இது உங்க சாமான், உங்க கையில உடைஞ்சிருக்கு. இதுக்கும் தரணும், புதுசுக்கும் தரணும். பெல்ட் இல்லாம இவரைக் கீழ இறக்க விடமாட்டாங்க."

பெயின்டரின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு காணாமல் போயிருந்தது. இனி பல மாதம் ஏணி ஏற முடியாத ஆள் அவர். ஒரு பெல்ட்டுக்கே மனைவி காதில் கிடந்ததைக் கழற்றியிருந்தாள். பெரிய சிஸ்டர் இருவரையும் பார்த்துவிட்டு, "இங்க சத்தம் வேண்டாம். பில் மேடம்கிட்ட போய்ப் பேசுங்க. யாரு கட்டணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும்" என்றார்.

அத்தான் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பெயின்டரைப் பெரிய சிஸ்டர் சக்கரப் படுக்கையில் கிடத்தி, தள்ளிக்கொண்டு போனார். பின்னால் வந்த மனைவி வராந்தாத் திருப்பத்தில் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, உங்களுக்கு எல்லாம் தெரியும். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. பையைத் தொடவே இல்லைன்னு நான் சத்தியம் பண்றேன். போட்டு நடந்தாருன்னு தெரிஞ்சா என் தலையிலதான் எல்லாம் விழும்."

அக்கா நின்றாள். சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தொடலைன்னு சொன்னாத்தான் உங்க தலையில விழும்."

"என்னக்கா சொல்றீங்க?"

"தொடலைன்னா அது வீட்டுச் சாமான். வீட்டுச் சாமானுக்கு நீங்க குடுக்கணும். இங்க, கட்டில்ல இருந்தப்பவே போட்டு நடந்தாருன்னா அது ஆஸ்பத்திரிச் சாமான். ஆஸ்பத்திரி குடுக்கணும். உடைஞ்சதும் சேத்து."

பெயின்டரின் மனைவி அவளை நம்பாமல் பார்த்தாள். "திருடினவ போய் நான்தான் திருடினேன்னு சொன்னா, கூலி குடுத்து அனுப்புவாங்களா? என்னை மாட்டிவிடப் பாக்குறீங்களா?"

"நீங்க திருடலை. அவருக்குத் தைச்சதை அவருக்குப் போட்டீங்க."

"உங்க அத்தான் போடலைன்னு சொல்றாரே?"

"ஆமா" என்றாள் அக்கா. மனைவி அவள் கையை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பில் மேடத்தின் அறை சின்னது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு காகிதக் கட்டின் மேலும் ஏதாவது ஒரு கனம் இருந்தது. ஒன்றின் மேல் ஆறிப்போன தேநீர்க் கோப்பையே இருந்தது. மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பெயின்டர் கிடந்த சக்கரப் படுக்கை அந்த அறைக்குள் நுழையாததால் வாசலிலேயே நின்றது.

"எல்லாரும் ஒரே நேரத்துல பேச வேண்டாம். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சாப் போதும். இவரு இங்க அட்மிட் ஆகி இருந்தப்போ அந்த பெல்ட்டைப் போட்டாரா, போடலையா? போட்டிருந்தா எங்க பொறுப்பு. போடலைன்னா அவங்க பொறுப்பு."

"போடலைங்க மேடம்" என்றார் அத்தான். "பை கட்டியே இருந்துச்சு. என் மச்சினி தினமும் வந்து பாத்திருக்கா."

மேடம் பெரிய சிஸ்டரைப் பார்த்தார். "நான் பாக்குறப்ப எல்லாம் படுத்துதான் இருந்தாரு" என்றார் பெரிய சிஸ்டர் தரையைப் பார்த்து.

"நீங்க சொல்லுங்கம்மா."

பெயின்டரின் மனைவி புடவை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நான் பையைத் தொடலைங்க" என்றாள்.

மேடம் பேனாவைத் திறந்தார். எல்லோரும் ஒரே வார்த்தை சொல்லிவிட்டார்கள். அவர் எழுத வேண்டியதுதான் பாக்கி. அந்த வார்த்தை எழுதப்பட்டால் பெயின்டர் வீடு இரண்டு பெல்ட்டுக்குக் கடன்படும். அத்தானுக்குக் காசு உடனே கிடைக்கும். அக்கா நாளைக்கும் நீலப்பையோடு வார்டுக்கு வருவாள். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை.

"போட்டாரு" என்றாள் அக்கா.

குரல் அவ்வளவு சின்னதாக வந்ததால் மேடம் நிமிர்ந்து, யார் பேசியது என்று தேடினார்.

"போட்டாருங்க. பெல்ட் வந்த மூணாம் நாள்லேர்ந்து."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கட்டுனா கண்ணி வலது பக்கம் விழும். மறுநாள் இடது பக்கம் விழுந்திருந்துச்சு. அந்தம்மாவுக்கு இடது கைப் பழக்கம்."

"இவ என்னமோ உளர்றா" என்றார் அத்தான். "மேடம், இவ பயந்த சுபாவம். கூட்டத்தைப் பாத்தா..."

"இருங்க." மேடம் பேனாவை மூடவில்லை. "தெரிஞ்சும் அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா பையை எடுத்துட்டுப் போகச் சொல்லுவாங்க. அவரு மறுபடியும் படுக்கணும். அதனால..." அக்கா கையிலிருந்த நாடாவைப் பார்த்தாள். "அதுக்கப்புறம் நான் இறுக்காமத்தான் கட்டினேன்."

பெயின்டரின் மனைவி அக்காவையே பார்த்தாள். பிறகு, அடுப்பில் விரல் வைக்கிறவள் மாதிரி மெதுவாக, "ஆமாங்க மேடம். நான்தான் போட்டுவிட்டேன்" என்றாள்.

வாசலில் படுத்திருந்த பெயின்டர் அதுவரை அடக்கிவைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார். "மேடம்! நான் நடந்தேனா இல்லையான்னு வேணும்னா ஆள் அனுப்பிப் பாருங்க. எங்க வார்டு ஜன்னலுக்கு வெளிய, சட்டத்தோட கீழ்ப்பக்கம், பெயின்டே அடிக்காம விட்டிருக்கான். தலையை வெளிய நீட்டிப் பாத்தாத்தான் தெரியும். கட்டில்ல படுத்துட்டு அதை எவனும் பாக்க முடியாது!"

பெரிய சிஸ்டர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். மேடம் அடக்கவில்லை. சிரித்துவிட்டுக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "டாக்டர் எழுதியிருக்காரு, இவங்க போட்டிருக்காங்க. வார்டுல போட்டது வார்டுல உடைஞ்சிருக்கு. எங்க கணக்கு. புதுசு ஒண்ணு குடுத்து அனுப்புங்க, ரெண்டுக்கும் பில்லை என் பேருக்கு வைங்க" என்று அத்தானிடம் சொல்லி எழுத ஆரம்பித்தார். பிறகு தலை நிமிராமலே, "காசு வர்றதுக்குக் கொஞ்சம் நாளாகும்" என்றார்.

"தெரியும்" என்றார் அத்தான்.

கடைக்குத் திரும்பும் வேனை அத்தான் ஓட்டினார். சிக்னலில் நின்றபோது, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "கடையில இத்தனை பேர் இருக்கையில உன்னை ஏன் வார்டுக்கு அனுப்பினேன் தெரியுமா? நீ வாயைத் திறக்கமாட்டேன்னுதான்."

அக்கா நீலப்பையை மடியில் வைத்து, நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

பச்சை விழுந்தது. அத்தான் வண்டியை நகர்த்தவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"திறந்துட்டல்ல? இனிமே நீயே திறந்து கேளு. அந்த ரெண்டு பெல்ட்டுக்கும் காசு வர்ற வரைக்கும் வாரத்துக்கு ஒரு நாள் நீ போய் அந்த மேடம் முன்னாடி உக்காரணும். வாங்காம வந்தா கடைப் பக்கம் வராத."

அதைவிட வேலையை விட்டே நிறுத்தியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

புதுப் பெல்ட்டை மறுநாளே தைத்துக் கொடுத்தாள், கொக்கியை இடது பக்கத்துக்கு மாற்றி. பெயின்டர் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். கிளம்பும்போது அவருடைய மனைவி என்னவோ சொல்ல வந்து, சொல்லத் தெரியாமல், அக்காவின் பையை வாங்கி அதன் மேலிருந்த தூசியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் வாரம் அக்கா பில் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மேடம் வந்தார், போனார், சாப்பிடப் போனார், திரும்பி வந்தார். அக்கா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். கதவைப் பூட்டும் நேரத்தில் மேடமே, "என்னம்மா, யாரைப் பாக்கணும்?" என்றார். "சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "வாசல்ல உக்காந்திருந்தா காசு என்ன நாய்க்குட்டியா, வாலாட்டிக்கிட்டு வர்றதுக்கு?" என்றார் மாமியார்.

அடுத்த வாரம் "பெயின்டர் பெல்ட்" என்று இரண்டு வார்த்தை சொன்னாள். மேடம் தேடிப் பார்த்து, இன்னும் இரண்டு கையெழுத்து பாக்கி என்றார். அதற்கடுத்த வாரம் அந்தக் கையெழுத்து எந்த அறையில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு, அந்த அறைக்கே போய், அங்கேயும் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு அசையாமல் ஒருத்தி தங்களையே பார்த்துக்கொண்டிருப்பது அங்கிருந்தவர்களுக்கு என்னவோ போலிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

காசு வந்த அன்று அத்தான் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்த பழைய பில்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார். எல்லாம் ஆஸ்பத்திரி தராமல் விட்டவை. பெரும்பாலானவற்றை அவரே மறந்திருந்தார்.

"இதையும் கேட்டுட்டு வா" என்றார்.

இப்போதெல்லாம் வாரத்தில் ஒரு நாள் பெல்ட் அக்கா பில் அறை வாசலில்தான் இருக்கிறாள். மேடம் அவளுக்கும் சேர்த்துத் தேநீர் சொல்கிறார். "ஊமைன்னு நினைச்சுக் கட்டிக்கிட்டு வந்தோம். இப்ப ஆஸ்பத்திரியே இவளைக் கண்டா ஒளியுதாம்" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். முழங்கால் உறை இரண்டும் இப்போது ஒரே நிறம்.

பெயின்டர் போன சில மாதம் கழித்து பஸ் கண்டக்டராக இருந்த ஒரு பெண்ணுக்கு முதுகில் ஆபரேஷன் ஆயிற்று. இன்னும் வீட்டுக்குப் போக நாள் இருந்தது. அக்கா பெல்ட்டைத் தைத்து முடித்து, நீலப்பையில் வைத்து, நாடாவைக் கையில் எடுத்தபடி அத்தானைப் பார்த்தாள்.

"முடிச்சுப் போடணுமா அத்தான்?"

அத்தான் யாருக்கோ ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு? போட்டுவிட்டுட்டே வா. காசு கேக்கத்தான் நீ இருக்கியே" என்றார்.

அவள் நாடாவை மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு வார்டுக்குக் கிளம்பினாள்.